திரவத்தில் பிறந்த பளபளப்பு

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் பக்கம் காலை வெயிலில் நிற்கும் ஒரு கறுப்பு காரின் பானெட்டைப் பாருங்கள். சூரியன் அதில் ஒரு வெள்ளைப் புள்ளியாக மின்னும். அந்தப் புள்ளியைச் சுற்றி, சிலந்தி வலை விரித்தது போல, மெல்லிய வட்டக் கோடுகள் நூற்றுக்கணக்கில் தெரியும். டிரைவர் துணியைச் சுற்றிச் சுற்றித் துடைத்ததால் வந்தது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். இப்போது ஓரடி தள்ளி நின்று பாருங்கள். சூரியப் புள்ளி உங்களோடு நகரும். வட்டங்களும் அதோடு நகரும். பெயிண்டில் உண்மையிலேயே வட்டம் பதிந்திருந்தால் அது நின்ற இடத்திலேயே அல்லவா நிற்க வேண்டும்?

பானெட்டில் இருப்பவை வட்டங்களே அல்ல. நேராகவும் குறுக்காகவும் சாய்வாகவும் எல்லாத் திசையிலும் ஓடும் மெல்லிய கீறல்கள். ஒவ்வொரு கீறலும் ஒரு குட்டிப் பள்ளம். அதன் சரிவில் படும் ஒளி, கீறல் ஓடும் திசைக்குச் செங்குத்தாக மட்டுமே சிதறும். எனவே ஆயிரம் கீறல்கள் இருந்தாலும், சூரியப் புள்ளியை நோக்கிய கோட்டுக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும்தான் உங்கள் கண்ணுக்கு ஒளி அனுப்பும். மற்றவை வேறெங்கோ அனுப்பிவிடும். புள்ளிக்கு மேலே உள்ளவற்றில் கிடைமட்டக் கீறல்கள் தெரியும். பக்கத்தில் உள்ளவற்றில் நிற்கும் கீறல்கள் தெரியும். இவை எல்லாம் சேர்ந்தால் வட்டம். நம் கண் நின்ற இடத்துக்கேற்ப, ஒளி அந்தக் கணத்தில் தேர்ந்தெடுத்துக் காட்டும் வட்டம் அது. சமையலறையில் பல வருடம் தேய்த்துக் கழுவிய எவர்சில்வர் தட்டை விளக்கடியில் பிடித்தால் இதே காட்சி. மழை விட்ட இரவில், நனைந்த வேப்ப மரத்துக்குப் பின்னால் தெரு விளக்கு எரிந்தால், குச்சிகள் எல்லாம் விளக்கைச் சுற்றி வளையமாக அடுக்கி வைத்தது போலத் தெரிவதற்கும் காரணம் இதுதான்.

அப்படியானால் கீறல் விழும் முன் அங்கே இருந்தது என்ன? புதுக் கார் ஷோரூமிலிருந்து வரும்போது இருந்த அந்த மினுமினுப்பு எப்படி உண்டானது? யாரோ தேய்த்துத் தேய்த்துக் கொண்டுவந்தது என்று நினைக்கத் தோன்றும். உண்மை அதைவிட அழகானது.

கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர். ஒரு மேற்பரப்பின் மேடு பள்ளங்கள் இந்த அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருந்தால், ஒளிக்கு அவை இருப்பதே தெரியாது. எல்லாக் கதிர்களும் ஒழுங்காக ஒரே கோணத்தில் திரும்பும்; பிம்பம் தெரியும். மேடு பள்ளம் அதற்கு மேல் போனால் கதிர்கள் திசைக்கொன்றாகச் சிதறும், மங்கல் தெரியும். பளபளப்பு என்பது இவ்வளவுதான். மேற்பரப்பில் எதுவும் கூடுதலாக வந்து உட்காருவதில்லை. மேடும் பள்ளமும் இல்லாமல் போவதே பளபளப்பு.

இப்படிப்பட்ட சமதளத்தை இயற்கை கணத்தில் செய்து காட்டும் இடம் ஒன்று உண்டு. அது அசையாத நீர். ஆண்டாள் மாலையைச் சூடி அழகு பார்த்ததாகச் சொல்லும் கண்ணாடிக் கிணறு ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலுக்குள்ளேயே இருக்கிறது. காற்றில்லாத நேரத்துக் கிணற்று நீரின் மேற்பரப்பில் மிஞ்சும் நுண்ணிய நடுக்கம் ஒரு நானோமீட்டருக்கும் குறைவு. பரப்பு இழுவிசை எந்த மேட்டையும் நிற்க விடாமல் இழுத்துச் சமன் செய்துவிடுகிறது. எந்தப் பட்டறையின் எந்த மெஷினும் அவ்வளவு சீக்கிரத்தில் அந்த வழுவழுப்பைத் தர முடியாது. நேர் மேலிருந்து குனிந்து பார்த்தால் நீர் திருப்பி அனுப்பும் ஒளி சுமார் 2 சதவீதம்தான். ஆனால் கிணற்றின் அடி இருட்டு என்பதால் அந்த இரண்டே முகத்தைக் காட்டப் போதுமானது.

காரின் மினுமினுப்பும் அந்தக் கிணற்று நீரின் இனம்தான். தொழிற்சாலையில் கடைசியாக அடிக்கப்படும் கிளியர் கோட் என்ற நிறமில்லாத பூச்சு, தெளிக்கும்போது திரவம். துளித் துளியாக விழுந்து, ஒன்றோடொன்று கலந்து, பரப்பு இழுவிசையால் தானே சமனாகி, பிறகு 140 டிகிரி செல்சியஸ் அளவிலான அடுப்பில் இறுகிப்போகிறது. திரவம் எடுத்த சமதளம் அப்படியே உறைந்து நிற்கிறது. மனிதக் கை தேய்த்து உண்டாக்கியது அல்ல அது. கறுப்பு பானெட்டில் கோபுரம் தலைகீழாகத் தெளிவாகத் தெரிவதற்கும் கிணற்றில் முகம் தெரிவதற்கும் கணக்கு ஒன்றே: கிளியர் கோட் நேராகப் படும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்புகிறது, கீழே உள்ள கறுப்பு மற்றதை விழுங்கிவிடுகிறது. வெள்ளைக் காரிலும் அதே 4 சதவீதம் உண்டு. ஆனால் அடியில் உள்ள வெள்ளை நிறம் அள்ளி வீசும் ஒளியில் அது மூழ்கிவிடும். வெள்ளைக் காரில் கீறல் தெரியாமல் போவதும் இதனால்தான், விழாமல் இல்லை.

இந்த உறைந்த நீர்ப்பரப்பு எவ்வளவு தடிமன்? 35 முதல் 50 மைக்ரான் வரை. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடி 60, 80 மைக்ரான் இருக்கும். அதாவது காரின் முழு அழகும் வெயில் காப்பும் ஒரு முடியின் பாதித் தடிமனில் அடங்கியிருக்கிறது. அதற்குக் கீழே நிறம் தரும் பூச்சு இன்னும் மெல்லியது. சுமார் 15 மைக்ரான். அதற்கும் கீழே பிரைமர், துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, பிறகு தகடு. எல்லாம் சேர்ந்தே ஒன்றிரண்டு முடி கனம்தான். மெட்டாலிக் நிறம் என்றால் அந்த 15 மைக்ரானுக்குள் அலுமினியத் துகள்கள் செதில் செதிலாகப் படுத்திருக்கும். பக்கத்துச் சிவகாசியில் பட்டாசுக்கு வெள்ளை ஒளி கொடுக்கிறதே, அதே அலுமினியம். அங்கே எரிகிறது, இங்கே கிடையாகக் கிடந்து நேராகப் பார்த்தால் பளிச்சென்றும் சாய்த்துப் பார்த்தால் இருண்டும் காட்டுகிறது.

இங்கேதான் ஒரு பழைய பழக்கம் குறுக்கே வருகிறது. அம்பாசடரும் பத்மினியும் ஓடிய காலத்தில் கிளியர் கோட் கிடையாது. நிறமும் மேற்பரப்பும் ஒரே பூச்சு. வெயிலில் அதன் மேல்தோல் வெளுத்து மாவு பூத்ததுபோல் ஆகும். ரப்பிங் காம்பவுண்டு போட்டுத் தேய்த்தால் வெளுத்த தோல் கழன்று, துணியில் காரின் நிறம் ஒட்டும், அடியிலிருந்து புது நிறம் எட்டிப் பார்க்கும். பட்டறைகளில் தாராளமாக அடித்த பெயிண்ட் அது. வருடாவருடம் ஆயுத பூஜைக்கு முன்பு தேய்த்தாலும் தாங்கியது. அந்தக் கைப்பழக்கம் தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்து, இன்றைய காரின் முடிப் பாதி கனத்தின் மீதும் அப்படியே இறங்குகிறது. மெஷினில் கடுமையான காம்பவுண்டு போட்டு ஒரு முறை ஓட்டினாலே சில மைக்ரான் போய்விடும். கிளியர் கோட்டுக்குள்தான் புற ஊதாக் கதிரை விழுங்கும் வேதிப்பொருள் கலந்திருக்கிறது. அது மெலிந்தால் அந்தக் காப்பும் மெலியும். பிறகு ஒரு மே மாதத்தில் கூரையிலும் பானெட்டிலும் தோல் உரிந்து வெள்ளைத் திட்டு விழும். விழுந்தபின் தேய்த்து ஆவதில்லை. பட்டி பார்த்து மறுபடி அடிக்க வேண்டியதுதான்.

பாலிஷ் கீறலை நிரப்புவதில்லை. கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள மேட்டைச் சீவி எடுக்கிறது. 1704இல் வெளியான ‘ஆப்டிக்ஸ்’ நூலில் நியூட்டன் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்: பாலிஷ் தூளும் கீறத்தான் செய்கிறது, தூள் பொடியாகப் பொடியாகக் கீறலும் பொடியாகி, ஒரு கட்டத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது என்று. தன் தொலைநோக்கியின் உலோக ஆடியைத் தன் கையாலேயே தேய்த்து மெருகேற்றியவர் அவர்.

உலோகம் திரவமாகச் சமன்பட்டு வருவதில்லை. அதற்குத் தேய்ப்பு ஒன்றே வழி. அந்த வழியில் உச்சம் தொட்டவர்கள் நமக்கு அந்நியர்கள் அல்லர். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்து ஆரன்முளையில் செய்யும் உலோகக் கண்ணாடியின் கம்மியர் குடும்பங்கள், ராஜபாளையத்துக்குத் தெற்கே உள்ள சங்கரன்கோவில் பக்கமிருந்து கோயில் வேலைக்குப் போனவர்கள் என்பது அங்கே வழங்கும் மரபுச் செய்தி. செம்பில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வெள்ளீயம் சேர்ந்த வெண்கலம் அது. தட்டினால் உடையும் அளவுக்கு நொறுங்கும் தன்மை. ஆனால் அந்த விகிதத்தில்தான் செம்பு நிறம் மறைந்து வெள்ளியின் வெண்மை வருகிறது, கண்ணாடிப் பரப்பு ஏற்கும் கடினமும் வருகிறது. சுட்ட மண்ணின் பொடியை எண்ணெயில் குழைத்துத் துணியில் தடவி, நாள் கணக்கில் தேய்ப்பார்கள். சாதாரணக் கண்ணாடியில் விரல் நுனியை வைத்தால் விரலுக்கும் பிம்பத்துக்கும் இடையே ஒரு இடைவெளி இருக்கும், ஏனென்றால் வெள்ளிப் பூச்சு பின்பக்கம். ஆரன்முளைக் கண்ணாடியில் விரலும் பிம்பமும் தொட்டுக்கொள்ளும். திருப்பாவையின் 20ஆம் பாசுரத்தில் விசிறியோடு கேட்கப்படும் கண்ணாடியும் இப்படி மெருகேற்றிய உலோகமாகத்தான் இருந்திருக்க முடியும். அந்தக் காலத்தில் இங்கே முகம் பார்க்க உதவியது உலோகமும் நீரும்தான்.

காருக்கு வருவோம். பெயிண்டைக் கீறுவது யார்? துணி அல்ல. ராஜபாளையத்துப் பருத்திக்கு இந்தப் பழி வேண்டாம். குற்றவாளி குவார்ட்ஸ் என்னும் மணல் துணுக்கு. கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் 7; ஜன்னல் கண்ணாடி 5.5, கிளியர் கோட் கண்ணாடியைவிட மிக மென்மையான பிளாஸ்டிக். மலையடிவாரத்துச் செம்மண்ணிலும் இந்தத் துணுக்கு உண்டு. கிழக்கே கரிசல் காட்டுப் புழுதியிலும் உண்டு. காலையில் ஸ்டாண்டில் வண்டியை எடுக்கும் முன் காய்ந்த துணியால் புழுதியைத் தட்டித் துடைக்கும் காட்சி நம் ஊரில் சாதாரணம். அக்கறையோடு செய்கிற வேலைதான். ஆனால் அந்தத் துடைப்பு ஒவ்வொன்றும் நூறு மணல் துணுக்குகளைப் பெயிண்டின் மேல் இழுத்துக்கொண்டு போகிறது. பட்டறை நூல் வேஸ்ட் இன்னும் மோசம். அதன் சிக்கலுக்குள் மாட்டிய மணல் வெளியே வராது. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனத்தையும் திருநீற்றையும்கூடக் காய்ந்தபடி துடைக்கக் கூடாது. சாண விபூதியில் வைக்கோலிலிருந்து வந்த சிலிக்கா இருக்கிறது. பாத்திரம் விளக்கச் சாம்பலைப் பயன்படுத்தியதே அதனால்தான். ஊறவிட்டு, நீர் ஊற்றிக் கழுவி விடுங்கள்.

கழுவும் முறையில் மிக முக்கியமானது கையை வைக்கும் முன் நடப்பது. நிழலில் நிறுத்தி, தகடு ஆறட்டும். பிறகு மேலிருந்து கீழாக நிறையத் தண்ணீர் விட்டுப் புழுதியை அதுவாக இறங்க விடுங்கள். அப்புறம்தான் ஷாம்பு நீர். இரண்டு வாளி வேண்டும்: ஒன்றில் சோப்பு நீர், இன்னொன்றில் வெறும் நீர். ஒவ்வொரு முறையும் துணியை வெறும் நீரில் அலசி, மண் வாளியின் அடியில் தங்கியபின் சோப்பில் முக்குங்கள். சக்கரத்துக்குத் தனித் துணி. பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம். மெழுகையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். மைக்ரோஃபைபர் துணியின் இழைகள் பட்டு இழையைவிட மெல்லியவை, நடுவே பிளவுபட்டவை. துணுக்கு அந்த இடுக்குகளுக்குள் ஏறிக்கொள்வதால் பெயிண்டில் உராய்வது குறைகிறது. அழுத்தித் துடைத்தால் அந்த நன்மையும் போச்சு.

கழுவி முடித்ததும் ஒரு நிமிடம் கவனியுங்கள். நனைந்த பானெட்டில் கீறல் ஒன்றுகூட இல்லை. புதுக் கார் போல நிற்கும். உலர்ந்ததும் எல்லாம் திரும்பி வரும். கீறல் தெரிவதற்குக் காரணம் காற்றுக்கும் பெயிண்டுக்கும் உள்ள ஒளிவிலகல் எண் வித்தியாசம். காற்று 1, கிளியர் கோட் சுமார் 1.5. பள்ளத்தில் நீர் நிரம்பினால் வித்தியாசம் 1.33க்கும் 1.5க்கும் இடையில் சுருங்கிவிடுகிறது. போதாக்குறைக்கு நீர் மேலே தன் சொந்தச் சமதளத்தை விரித்துவிடுகிறது. மெழுகின் எண் 1.45 பக்கம். நீர் சில நிமிடம் செய்வதை மெழுகு சில வாரம் செய்கிறது. அதனால்தான் மெழுகு பூசிய கார் பளபளக்கிறது. கீறல் அடியில் அப்படியே இருக்கிறது, ஒரு மைக்ரானும் இழக்கவில்லை. என் கணக்கில் வீட்டில் செய்கிறவருக்கு இதுவே நல்ல வழி: வருடத்துக்குப் பல முறை மெழுகு, சில வருடத்துக்கு ஒரு முறை மட்டும் மென்மையான பாலிஷ்.

கார் மெழுகில் சேரும் கார்னௌபா, பிரேசிலின் வறண்ட வடகிழக்கில் வளரும் ஒரு பனை இனத்து மரத்தின் ஓலையில் படிவது. நீர் ஆவியாகாமல் இருக்க மரம் தனக்குப் பூசிக்கொண்ட காப்பு. அது உருகுவது 80 டிகிரிக்கு மேல்தான். தேன்மெழுகு 62, 64 டிகிரியிலேயே உருகிவிடும். சித்திரை வெயிலில் ஒரு கறுப்பு பானெட் 60, 70 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும் நம் ஊருக்கு எது நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ராஜபாளையத்தில் மாந்தோப்புப் பக்கம் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு ஒரு செய்தி. பூக்கும் பருவத்தில் காரெங்கும் பிசுபிசுவென்று ஒட்டுவது மரத்தின் பால் அல்ல. பூங்கொத்தில் சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சிகள் கழிக்கும் சர்க்கரைத் துளி. மரத்தில் அதன்மேல் கரும்பூசணம் பிடிக்கும். காரிலோ வெயிலில் பாகாக இறுகும். சர்க்கரை என்பதால் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியைச் சிறிது நேரம் போட்டு வைத்தாலே கரைந்துவிடும். சுரண்டாதீர்கள்.

போர் தண்ணீரின் உப்புக்கறைதான் இந்த வட்டாரம் முழுவதற்கும் தலைவலி. துளி ஒன்று உலரும்போது அதன் விளிம்பு பெயிண்டில் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கிறது. விளிம்பில் ஆவியாதல் வேகம் அதிகம்; அந்த இழப்பை ஈடுசெய்ய நடுவிலிருந்து நீர் ஓரத்துக்கு ஓடுகிறது, கரைந்த உப்பையும் இழுத்துக்கொண்டு. அதனால்தான் கறை எப்போதும் வளையமாக விழுகிறது. வளையத்தில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். சம அளவு நீர் கலந்த வினிகர் அதைக் கரைக்கும். தடவி, ஒரு நிமிடத்தில் நல்ல தண்ணீரால் கழுவி விடுங்கள். அதற்கும் போகாமல் நிற்பது சிலிக்கா. அது எந்தச் சமையலறை அமிலத்துக்கும் அசையாது. நீர் உலரும் முன் துடைத்து எடுப்பதே அதற்கு மருந்து.

குரோம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழைய பம்பரில் நாம் பார்க்கும் வெள்ளி மினுக்கத்தின் உடல் நிக்கல்; 10 முதல் 30 மைக்ரான். மேலே குரோமியம் ஒரு மைக்ரானில் பாதிகூட இல்லை. நிக்கல் மங்காமல் காப்பதே அதன் முக்கிய வேலை. பழுப்புப் புள்ளிகள், குரோமின் நுண்துளை வழியே அடியிலுள்ள இரும்பு கசிந்து துருவாக வெளியே வந்தவை. பித்தளை விளக்குக்குப் புளி போடுவது போல இங்கே போட்டால் பயன் இல்லை. செம்பின் கறுப்பைக் கரைக்கும் புளிக்குக் குரோமில் வேலை கிடையாது. அலுமினியத் தாளைக் கசக்கி நீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்தால் புள்ளிகள் போகும். அலுமினியம் குரோமைவிட மிக மென்மையானது. இன்றைய கார்களின் கிரில் பெரும்பாலும் பிளாஸ்டிக்கின் மேல் ஏற்றிய குரோம். அதில் இரும்பே இல்லை, துருவும் இல்லை. சோப்பு நீர் போதும்.

கண்ணாடி மறுபடியும் நம்மைக் கிணற்றுக்கே கூட்டிப்போகிறது. முன்பெல்லாம் நல்ல கண்ணாடித் தகட்டை இரு பக்கமும் அரைத்துத் தேய்த்துத்தான் செய்தார்கள். 1959இல் இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் வேறொரு வழியை அறிவித்தது: உருகிய கண்ணாடியை உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்க விடுவது. கீழே ஒரு திரவத்தின் சமதளம், மேலே தன் சொந்தத் திரவச் சமதளம். இரண்டும் அப்படியே இறுகுகின்றன. தேய்ப்பே தேவையில்லை. 2000இல் உற்பத்தி தொடங்கிய ஸ்ரீபெரும்புதூர் செயின்ட் கோபேன் ஆலையிலும் முறை இதுவே. ஆரன்முளையில் செம்போடு கலந்து கண்ணாடியான வெள்ளீயம், இங்கே கண்ணாடிக்குப் படுக்கையாகிறது.

முன் கண்ணாடியைக் கெடுப்பது வைப்பர் ரப்பருக்கு அடியில் சிக்கும் அதே குவார்ட்ஸ். வைப்பர் கீறல்கள் ஏறக்குறைய ஒரே திசையில் ஓடுவதால், இரவில் திருமங்கலம்–கொல்லம் சாலையில் எதிரே வரும் லாரி விளக்கு வட்டமாகச் சிதறாமல், கீறலுக்குக் குறுக்கே நீண்ட ஒளிக்கோடாக இழுபடும். கண் கூசுவதற்கு இன்னொரு காரணம் உள்பக்கம் இருக்கிறது: வெயிலில் சூடாகும் டாஷ்போர்டு பிளாஸ்டிக்கிலிருந்து எழும் ஆவி கண்ணாடியின் உட்புறத்தில் எண்ணெய்ப் படலமாகப் படியும். வெளியே எவ்வளவு துடைத்தும் தெளியவில்லை என்றால் உள்ளே துடையுங்கள். முதலில் ஈரத் துணி, பிறகு உலர்ந்த துணி.

மெல்லிய கீறலுக்குச் சீரியம் ஆக்சைடு தூள் உண்டு. கண்ணாடியோடு வேதிவினை புரிந்தும் உராய்ந்தும் மேற்பரப்பை எடுக்கும். நகம் தட்டும் அளவுக்கு ஆழமான கீறலில் அதைக் கையாலே முயல வேண்டாம். ஒரு இடத்தை மட்டும் குழியாகத் தேய்த்தால் அந்த இடம் லென்ஸ் போல் வளைந்து, டிரைவர் கண்ணுக்கு நேரே சாலைக் கோடு நெளிந்து தெரியும். அப்படிப்பட்ட கண்ணாடியை மாற்றுவதே சரி. வைப்பர் ரப்பரை ஐப்பசி மழை தொடங்கும் முன் மாற்றுங்கள், மழை இல்லாத மாதங்களில் வாரம் ஒரு முறை அதன் விளிம்பை ஈரத் துணியால் துடையுங்கள், காய்ந்த கண்ணாடியில் வைப்பரை ஓட விடாதீர்கள்.